உப்பில்லாப் பத்தியம்

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவன் கிறிஸ்தோப்பரின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் எமிலி. அவனுடைய அக்கா அல்போன்சம்மா குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"மச்சாள், உண்மையைச் சொல்லு. தம்பி குளிசையை முழுக்க விழுங்கினவனோ? ஊர் அப்பிடித்தான் கதைக்குது. சுவாமியும் யோசிக்கிறார். துக்கமணி இன்னும் அடிக்கேல்லை."

தன் உயிரைத் தானே எடுத்தவனைப் புதைக்கக் கோயில் சேமக்காலைக்குள் இடமில்லை. எமிலி எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து குளிசைப் போத்தலை எடுத்துவந்து, கதிரையில் இருந்த பங்குச் சுவாமியாரிடம் நீட்டினாள். போத்தல் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"டொக்டர் சொன்னதுக்கு மேலை ஒண்டுகூட எடுக்கேல்லை, சுவாமி."

"அப்ப என்ன நடந்தது, பிள்ளை?"

மூன்று வருசத்துக்கு முன் கிறிஸ்தோப்பர் ஒரு கிழமையாக நித்திரையில்லாமல் கரையில் நின்று, அலைகளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டு வேலை ஏவியது ஊருக்கே தெரியும். யாழ்ப்பாணத்தில் டொக்டர் ஒரு வெள்ளைக் குளிசை கொடுத்தார். 'இதுவும் ஒரு உப்புத்தான். கல்லுக்குள்ளையிருந்து எடுக்கிறது' என்றார். சில கிழமைகளில் அந்தப் பெரிய கொந்தளிப்பு வற்றுக்கடல்போல அடங்கியது. எமிலி ஒரு குளிசையை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுசனின் மனத்தை இவ்வளவு சின்ன உப்பா பிடித்து நிறுத்துகிறது?

"நான் கருவாடு, எமிலி," என்று சிரிப்பான் அவன். "உப்புப் போட்டால்தான் பழுதாகாமல் கிடப்பன்."

போன மாதம் அவனுக்குக் கால் வீங்கியது. சரவணையில் நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரி தம்பிஐயா, நீர் இறங்க நெருஞ்சில் குடிநீர்க் கசாயம் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் சொன்னார். வேறு மருந்து எடுக்கிறீரோ என்று கேட்டபோது, விசர் மருந்து என்று சொல்ல வெட்கப்பட்டு இல்லை என்றான்.

"குளிசையும் உப்பெண்டுதானே டொக்டர் சொன்னவர்? அதையும் விடுவமே?" என்று எமிலி கேட்டாள்.

"அது மருந்தடி. அதை விட்டால் திரும்பக் கடலோடை கதைக்கத் துவங்கீடுவன். கறியுப்பை மட்டும் விடுவம்."

இரண்டு வைத்தியரின் சொல்லையும் அவன் ஒரு சொட்டுப் பிசகாமல் காத்தான். கை நடுங்கியது. சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தான். நாக்குக் குழறியது. தரையில் நடந்தாலும் வள்ளத்தில் நிற்பவன்போலத் தள்ளாடினான். நீரோடு நோயும் இறங்குகிறது என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவனுக்கு நினைவில்லை.

"ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னவர், சுவாமி," என்றாள் எமிலி. "கறியுப்புக் குறைஞ்சால் உடம்பு இந்தக் குளிசை உப்பை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுமாம். வெளியிலை விடாதாம். குடிநீரும் உடம்பை வத்தப்பண்ணீட்டுதாம். அப்பிடியே சேர்ந்து சேர்ந்து நஞ்சாப் போச்சுதாம்."

சுவாமியார் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே கடல் கிடந்தது. பிறகு போத்தலைக் கவனமாக, குழந்தையைக் கொடுப்பதுபோல, எமிலியின் கையில் திருப்பி வைத்துவிட்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் கோயிலில் துக்கமணி அடித்தது. அல்போன்சம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பெட்டியை மூடும் முன் எமிலி குனிந்து அவன் நெற்றியில் முத்தமிட்டாள். கடல்தொழிலால் வந்த நாளெல்லாம் அந்த நெற்றி உப்புக் கரிக்கும். நிமிர்ந்து, நுனிநாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். உப்புக் கரிக்கவில்லை.

மூடியோடு நின்றவர்களைக் கையால் மறித்து, இன்னொரு முறை குனிந்தாள்.