செங்கால் கௌதாரியின் வாக்குமூலம்

ஒரு கௌதாரியின் வாக்குமூலத்தைச் சுருக்கெழுத்தில் எடுத்து, அதற்கே திருப்பி வாசித்துக் காட்டி, சரிதான் என்று அதன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்த ஒரே ஆள் இந்தப் பூமியில் நான்தான். நம்ப வேண்டாம். நாற்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவன் நான். நம்பாத முகங்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன்.

என் மனைவியின் தம்பி பறவைக் கணக்கெடுப்பவன். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியன். வருடா வருடம், இன்னும் ஒரு வருடம் இரு என்று கடிதம் வரும். இந்த முறை வேறு சேதி வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் புல்வெளியில் செங்கால் கௌதாரி இருப்பது உறுதியானால் வேலை தொடரும். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. மூன்று காலைப் பொழுதுகள் கொடுத்திருந்தார்கள். அவன் வண்டி பட்டறையில் கிடந்ததால் என் காரில் போனோம். "வீட்ல உக்காந்து என் உயிரை வாங்குறதுக்கு, அவன்கூடப் போய் அவன் உயிரை வாங்குங்க" என்று மனைவி வழியனுப்பினாள்.

முதல் நாள் இடுப்பளவு புல்லில் நடந்தோம். அவ்வளவு தூரத்தையும் நேர்கோட்டில் நடந்திருந்தால் கடலில் போய் விழுந்திருப்போம்.

"சாதாக் கௌதாரிக்கும் செங்காலுக்கும் முதுகு ஒரே மாதிரிதான் அத்தான். காலைப் பாத்தாதான் தெரியும்."

"புல்லுக்குள்ள காலை எங்கடா பாக்குறது?"

"அதைத்தான் பதினோரு வருஷமாத் தேடுறேன்."

சொல்லிவிட்டுச் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. காலணியைக் கழற்றி, முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

"ஆளைக் கண்டா சாதா ஜாதி படபடன்னு பறந்துரும். செங்கால் பறக்காது. மண்ணோட மண்ணா ஒட்டிக்கும், மிதிக்கிற வரைக்கும் அசையாது. குரல்தான் ஒரே வழி. சாதாக் கௌதாரிக்கு மூணு தட்டு. செங்காலுக்கு நாலு, கடைசித் தட்டு மேல ஏறும்."

இரண்டாம் நாள் ஒலிப்பதிவுக் கருவியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சும்மா உட்கார்ந்தால் எனக்கு நாக்கு அரிக்கும். ஒரு நீதிபதியின் தும்மலைக் கூட விடாமல் நான் எழுதியெடுத்ததையும், அந்தத் தும்மலே மேல்முறையீட்டில் தீர்ப்பைப் புரட்டிப் போட்டதையும் அவனுக்குச் சொன்னேன். தும்மிக்கூடக் காட்டினேன்.

காருக்குத் திரும்பியதும் காதில் மாட்டிக் கேட்டான்.

"அத்தான், பதினோரு நிமிஷம் பதிவாகியிருக்கு. பதினோரு நிமிஷமும் நீங்கதான்."

"பறவை?"

"பின்னால ஏதோ கத்துது. மூணு தட்டா நாலு தட்டான்னு தெரியல. சரியா அப்பப் பாத்துத் தும்முறீங்க."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் காரின் முன்பலகையில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக, வீடு வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். காதில் எது விழுந்தாலும் என் கை தானாக எழுதிவிடும்; ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் வசவுகளை மட்டுமே ஆறு நோட்டுகள் எழுதியிருக்கிறேன். அன்றைய பக்கத்தில் நான்கு கோடுகள் இருந்தன. முதல் கோடு தடிப்பு, அடுத்த இரண்டும் மெலிசு, நான்காவது வரிக்கு மேலே ஏறி நின்றது. சுருக்கெழுத்தில் உயிரெழுத்தை எழுதுவதில்லை. கோடு வரிக்கு மேலா கீழா என்பதை வைத்தே வாசித்துவிடுவோம்.

நோட்டைக் காட்டியதும் மச்சினன் கையெடுத்துக் கும்பிட்டான். "வாயாலதான் கதை விடுவீங்கன்னு நினைச்சேன். இப்ப எழுத்துலயுமா? இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா என்னை இன்னைக்கே அனுப்பிருவாங்க."

மூன்றாம் நாள் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு குரலும் கேட்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. அவன் தண்ணீர்ப் புட்டியை மூடிப் பைக்குள் போட்டான். எழுந்து நின்றான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டி, சரி என்று சொல்ல வைக்காமல் அனுப்பமாட்டோம். நான் குறிப்பேட்டை விரித்து, தொண்டையைச் செருமி, நீதிமன்றக் குரலில் புல்லைப் பார்த்து வாசித்தேன்.

"கர்ர்... கெக், கெக்... கீய்ய்!"

"வேணாம் அத்தான், மானம் போகுது."

"இங்க யாருடா இருக்கா, வாங்குறதுக்கு?"

இன்னொரு தடவை வாசித்தேன். உடனே புல்லுக்குள் இருந்து பதில் வந்தது. நான்கு தட்டு. கடைசித் தட்டு மேலே ஏறியது. அடுத்த நொடி, தன் இடத்துக்கு வந்து கத்துகிறவன் எவன் என்று கேட்பதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு கௌதாரி ஒற்றையடிப் பாதைக்கே வந்துவிட்டது. சிவப்பு மையில் முக்கியெடுத்தது போன்ற கால்கள். மச்சினன் அவசர அவசரமாகப் படமெடுத்தான். படத்தில் புல் விழுந்தது, என் செருப்பு விழுந்தது. கௌதாரி விழவில்லை.

ஒலிப்பதிவு மட்டும் மிஞ்சியது. அலுவலகத்தில் மச்சினன் குரல்கள் வரும் கடைசி இடத்தை மட்டும் ஓட்டிக் காட்டினான். மேலதிகாரி அம்மா கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"அருமை! ஒண்ணு கூப்பிடுது, இன்னொண்ணு பதில் சொல்லுது. ஜோடி!" படிவத்தில் இரண்டு என்று எழுதினார்.

எனக்கு நெஞ்சு விம்மியது. நிபுணர் காதுக்கே நான் கௌதாரி! வாயைத் திறக்காதே என்று மச்சினனின் காலை மிதித்தேன். இரண்டு பறவை என்றால் வேலை இரட்டிப்பு உறுதி.

அவன் காலை இழுத்துக்கொண்டான். "ரெண்டு இல்ல மேடம். ஒண்ணுதான்."

"அப்ப முதல்ல கூப்பிட்டது?"

"எங்க அத்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விளையாடுறீங்களா? முதல் குரல் இவருன்னா, ரெண்டாவதும் இவரு இல்லைன்னு என்ன நிச்சயம்? ஒரு பறவை இருந்தாலே போதும், வேலை தொடரும். ஆனா அந்த ஒண்ணு இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போடணும். பின்னால பொய்னு ஆச்சுன்னா இந்த வேலை மட்டுமில்ல, வேற எந்த வேலையும் கிடைக்காது."

முப்பது வருடமாக நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நம்பாத அந்த மனிதன், மெதுவாகப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

"நடந்தது மேடம். இவரு நோட்டைப் பாத்து வாசிச்சாரு, அது வந்து பதில் சொல்லுச்சு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."