கப்பலில் மிச்சமிருந்த வலது ஷூ

துறைமுகம் மூடப்பட்ட எழுபத்து மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நாலாம் எண் கிடங்கில் இருந்த இடதுகால் ஷூக்கள் அத்தனையும் பெட்டிக்குள்ளேயே நடக்கத் தொடங்கின. மேலாளர் முதலில் எலி என்று நினைத்து மருந்து வைக்கச் சொன்னார்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. இடதுகால் ஷூ இங்கே தயாராகும். வலதுகால் ஷூ கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டில் தயாராகிக் கப்பலில் வரும். ஒற்றைக்கால் ஷூவைத் திருடி எவனும் என்ன செய்துவிடுவான் என்பது முதலாளியின் யோசனை. இரண்டும் சேரும் இடம் நாலாம் எண் கிடங்கு. சேர்த்து வைப்பவள் அங்கே பெட்டி கட்டுகிறவள். இரண்டு நாடாக்களையும் பிணைத்து அவள் போடும் முடிச்சை அவளைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. அவளுக்கு ஒரே இழுப்பு போதும். அதனால் அவளுக்கு முடிச்சு என்றே பெயர் விழுந்துவிட்டது.

நோய் வந்த மாதம், நாற்பதாயிரம் வலதுகால் ஷூக்களோடு வந்த கப்பலைக் கரையிலிருந்து மூன்று மைல் தள்ளி நிறுத்திவிட்டார்கள். கிடங்கு ஜன்னலில் இருந்து பார்த்தால் நகம் அளவுக்குத் தெரியும். அதன் சமையல்காரர் முடிச்சின் கணவர். சரக்கு முழுவதும் இறங்காமல் ஆள் இறங்கக் கூடாது என்பது சட்டம். ஆட்களுக்கு நோய் இல்லை என்று டாக்டர் எழுதித் தராமல் சரக்கு இறங்கக் கூடாது என்பதும் சட்டம். நோய் இருக்கும் என்று பயந்து டாக்டர் கப்பலில் ஏற மறுத்தார். மூன்று பக்கமும் நியாயம் இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. சமையல்காரர் கிளம்பியபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள் நடக்கப் பழகி, கப்பலைக் கைகாட்டி "அப்பா" என்று சொல்லத் தொடங்கினாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது கறுப்பாக, ஒரு புகைபோக்கியோடு இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் போன் செய்வார்.

"செருப்பு வார் அறுந்துபோச்சும்மா. அடுப்படித் தரை சுடுது. உடைஞ்ச பெட்டியில ஒன்பதாம் நம்பர் ஷூ ஒண்ணு கிடந்துச்சு, மாட்டிக்கிட்டேன். வலதுகால் மட்டும் ராஜா மாதிரி இருக்கு."

"அது அடுத்தவங்க பொருளுங்க."

"கரைக்கு வந்ததும் துடைச்சு வச்சிடறேன். புருஷனைவிட உனக்குக் கம்பெனிதான் பெரிசு."

இதற்கிடையே கடைக்காரர்கள் நெருக்கியதால், இரண்டு இடதுகால்களைச் சேர்த்துக் கட்டச் சொன்னார் மேலாளர். வேறு ஷூ இல்லாததால் மக்கள் வாங்கினார்கள். போட்டவர்களால் இடது பக்கம் மட்டுமே திரும்ப முடிந்தது. வலது பக்கம் இருந்த மருந்துக்கடைக்குப் போக, மூன்று முறை இடது பக்கம் திரும்பித் தபால் நிலையத்தைச் சுற்றி வந்தார்கள். எதிரே யாரும் வராததால் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படவில்லை. நோய் குறைந்திருப்பதாக நகராட்சி அறிவித்து, நன்றி தெரிவித்தது.

எழுபத்து மூன்றாம் நாள், ஆடும் பெட்டிகள் மீது காதை வைத்துப் பார்த்த, அதே கிடங்கில் வேலை செய்யும் நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, எல்லாம் ஜன்னல் பக்கமாத்தான் முட்டுது. உங்களை மாதிரியே."

முடிச்சு கத்தியை எடுத்துப் பெட்டிகளைக் கிழித்தாள். கதவைத் திறந்தாள். மேலாளர் குறுக்கே நின்றார். ஷூக்கள் முழங்கால் உயரத்துக்கு ஏறியதும் விலகிக்கொண்டார். அவை, விற்றுப்போனவையும் வழியில் வந்து சேர்ந்துகொள்ள, சந்தைத் தெரு வழியாக வரிசையாகப் போய், தோல் நனைந்துவிடும் என்பதால் அலைக்கு ஒரு முழம் முன்னால் நின்றன. மதியம் வலதுகால் ஷூக்கள் நங்கூரச் சங்கிலியைப் பிடித்து இறங்கி, தண்ணீர் மேல் நடந்து வந்து, தத்தம் ஜோடியின் பக்கத்தில் நின்றுகொண்டன. சுங்க அதிகாரி ஓடி வந்து முதல் ஷூவிடம், "பேப்பர் எதுவும் இல்லாம எப்படி சார் வந்தீங்க?" என்று கேட்டார். பதில் வராததால் ஒவ்வொன்றின் மூக்கிலும் காய்ச்சல் கருவியை வைத்துப் பார்த்து, பதினான்கு நாள் மணலிலேயே இருக்கச் சொன்னார். வெயிலில் நின்ற ஒரு ஷூவுக்கு மட்டும் சூடு அதிகமாக இருந்தது. அதைத் தனியாக வைத்தார்கள்.

எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது. கரையில் ஒன்பதாம் நம்பர் இடதுகால் ஒன்று தனியாக நின்று நடுங்கியது. சரக்கு முழுவதும் இறங்கவில்லை, ஆகவே ஆள் இறங்க முடியாது என்றார் அதிகாரி. கப்பலில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று கேப்டன் சத்தியம் செய்தார். முடிச்சுக்குத் தெரியும். சொன்னால் கணவர் திருடன். சொல்லாவிட்டால் மகளுக்குக் கப்பல்தான் அப்பா. அவள் ஒதுங்கிப் போய் போன் செய்தாள்.

"அந்த ஷூ எங்கேங்க?"

"மத்தியானத்துல இருந்து காலைப் போட்டு இழுக்குது. கழட்டலாம்னா முடியல. உன் முடிச்சைப் போட்டுத் தொலைச்சிட்டேன்."

"கழட்டாதீங்க. எந்திரிச்சு நில்லுங்க."

"உலை கொதிக்குதும்மா."

"அணைச்சிட்டு நில்லுங்க!"

அவர் நின்றார். ஷூ கிளம்பியது. இடதுகாலை ஊன்றினால் அது தண்ணீரில் முழுகியதால், அதைத் தூக்கிப் பிடித்தபடி, கையில் கரண்டியோடு மூன்று மைலையும் நொண்டியே கடந்தார். வெயில் தாழும் நேரத்தில் கரையேறி, இடதுகால் ஷூவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். மகள் அவரையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழுதாள்.

சுங்க அதிகாரி வெகுநேரம் தலையைச் சொறிந்தார். ஷூவை அனுமதிக்கலாம், ஆளை அனுமதிக்கக் கூடாது. கடைசியில், ஷூவின் வடிவம் கெடாமலிருக்க உள்ளே திணிக்கும் காகிதம் சரக்கோடு சேர்த்தி என்ற விதி அவருக்கு நினைவு வந்தது. படிவத்தில் இப்படி எழுதினார்: ஷூ, வலது, ஒன்பதாம் நம்பர், ஒன்று. உள்ளே திணித்திருப்பது: சமையல்காரர். சரக்கு முழுமையானதால் மற்ற ஊழியர்கள் மறுநாள் படகில் இறங்கினார்கள்.

நோய் போய் ஒன்பது வருடமாகிறது. கம்பெனி இப்போது இரண்டு காலையும் இங்கேயே தைக்கிறது. ஷூவைக் கழற்றினால் சமையல்காரர் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவர் ஆகிவிடுவார் என்பதால் அவர் கழற்றுவதில்லை. குளிக்கும்போது அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்கிறார். வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து, வடிவம் கெடவில்லை என்று ஷூவின் மூக்கை அமுக்கிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போகிறார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் முடிச்சு குனிந்து உட்காருவாள். அவர் கேட்காமலே காலை நீட்டுவார். தளர்ந்த நாடாவை அவள் இறுக்கிக் கட்டுவாள். அதை ஒரே இழுப்பில் அவிழ்க்கத் தெரிந்தவளும் அவள்தான். சண்டை போட்ட நாட்களில்கூட இழுத்ததில்லை.