அப்பா தேறிய நாள்

"டை ஒருபக்கம் சரிஞ்சு கிடக்கு. உதை நேராக்கு ரதி, வீடியோ எடுக்கிறாங்கள்."

விட்பியிலிருந்து வந்திருந்த அண்ணன் ஸ்ரீதரன், ஸ்காபரோ மலர்ச்சாலையில் அஞ்சலி உரைக்கான மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரதி அப்பாவின் சவப்பெட்டிக்குள் குனிந்தாள். அதே நீல டை. கனடாவில் அப்பா அதை முன்னர் ஒரேயொரு தரம்தான் கட்டியிருந்தார்.

அது போன மாரிக்குளிரில். ரதி தொழிற்சாலைக்குப் போனபின் அவரை எழுப்ப, குளிக்க வைக்க ஆளில்லை. வசதியில்லாத, ஏலாத முதியவர்களுக்கு அரசாங்கமே வீட்டுக்கு ஆள் அனுப்பும் என்றார்கள். உண்மையில் ஏலாதவர்தானா என்று பார்க்க முதலில் ஒரு பெண் வருவாளாம்.

அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். பார்க்க வருகிறார்கள் என்றால் சோதினை. சோதினை என்றால் பாஸ் பண்ண வேண்டும்.

"கூட மார்க்ஸ் எடுத்தாத்தான் பிள்ளை ஆள் தருவாங்கள்."

"ஐயோ அப்பா, இதிலை பெயில் விடவேணும்."

"எங்கட குடும்பத்திலை ஆர் பெயில் விட்டது?"

அண்ணனும் தொலைபேசியில், "மானத்தை வாங்காமல் நிமிந்து நில்லுங்கோ," என்று உற்சாகம் கொடுத்தான்.

அந்தப் பெண் வந்தபோது அப்பா முகம் வழித்து, டை கட்டி, கைத்தடியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிட்டு, வாசலில் நின்று வரவேற்றார். தானே குளிப்பதாகச் சொன்னார். தானே சமைப்பதாகவும் சொன்னார். தேத்தண்ணிகூடப் போட்டறியாத மனிதர். அவள் மெச்சிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் சுவரோடு சரிந்தவரை ரதி ஓடிப்போய்த் தாங்கினாள். அவள் தோளில் தொங்கியபடியே கேட்டார்:

"எப்பிடிச் செய்தனான்?"

"வடிவாச் செய்தியள் அப்பா."

உதவி தேவையில்லை என்று பதில் வந்தது. ரதி இரவு வேலைக்கு மாறிக்கொண்டாள்.

"நீங்கள் பாஸ் அப்பா. உங்களைப் பாக்க என்னையே போட்டிருக்கிறாங்கள்."

மகளுக்குக் கவுண்மேந்து உத்தியோகம்! அன்றிலிருந்து காலையில் அவள் சுடுதண்ணி வாளியோடு வரும்போதெல்லாம், "குட் மோர்னிங், மிஸி," என்பார், ஆஸ்பத்திரி நேர்ஸைக் கூப்பிடுவதுபோல. பஸ் பிந்தி அவள் பிந்தினால், மேலிடத்துக்கு அறிவிக்கப்போவதாக வெருட்டுவார்.

முந்தாநாள் காலை அவள் வாளியை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றாள். குட் மோர்னிங் வரவில்லை.

மைக்கின் முன் ஸ்ரீதரன் தொண்டையைச் செருமினான்.

"எங்கள் தந்தையார் சிங்கமென வாழ்ந்தவர். அரசாங்கத்திடம் ஒருபோதும் கையேந்தாதவர். நாங்கள் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பராமரித்தோம்."

'நாங்கள்' என்ற இடத்தில் நெஞ்சில் கை வைத்தான்.

முன்வரிசையில் இராஜரட்ணம் அங்கிள் எழுந்தார். கச்சேரியில் அப்பாவின் பக்கத்து மேசைக்காரர். காது மந்தமானதால் குரல் பெரிது.

"தம்பி என்ன சொல்லுறார்? அவர் கவுண்மேந்திட்டைக் கேட்டு, சோதினை பாஸ் பண்ணி ஆள் எடுத்தவரெல்லோ! ரதியை எல்லோ கவுண்மேந்து போட்டது! போன் அடிக்கேக்கை எல்லாம் உந்தக் கதைதானே!"

மண்டபம் முழுதும் ரதியைப் பார்த்தது. அண்ணன் மைக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி உது?" என்றான்.

ரதி அவனைப் பார்க்கவில்லை.

"ஓம் அங்கிள்," என்றாள், அவருக்குக் கேட்கும்படி சத்தமாக. "நல்ல மார்க்ஸ்."

அங்கிள் திருப்தியோடு உட்கார்ந்தார். ஸ்ரீதரன் தாளைப் புரட்டினான்; அடுத்த பக்கத்திலும் சிங்கம்தான்.

ரதி மறுபடி பெட்டிக்குள் குனிந்தாள். அப்பாவின் காதுக்குப் பின்னால் பவுடர் திட்டாக நின்றது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். பிறகு டையின் முடிச்சைக் கொஞ்சம் இளக்கிவிட்டாள்.