அண்ணன் வாங்கிய ஊஃபர்

என் அண்ணன் தங்கராஜுவுக்கு மெல்லப் பேச வராது. அன்று பத்தாங் காலியிலிருந்து கோலசிலாங்கூர்ப் பக்கம் எங்கள் தோட்டம்வரை காரை விரட்டிக்கொண்டு வந்தவன், வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் வாசலிலேயே நின்று கத்தினான்.

“என்னா சாமான் வித்த மாப்ள? வாங்கின சூடு ஆறல, அதுக்குள்ள ஊமையாப் போச்சுலா!”

லயத்தில் இருந்த அத்தனை கதவுகளும் திறந்துகொண்டன. அடுத்தவர் வீட்டுச் சண்டை என்றால் எங்கள் ஆட்களுக்கு அடுப்பில் சோறு கருகினாலும் தெரியாது.

அவன் சொன்னது காரில் பாட்டுக்கு ‘டும் டும்’ என்று அடிக்கும் ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டியை, அது என் வீட்டுக்காரர் சேதுவுடையது. பலகை அறுத்து, துணி ஒட்டி, அவரே செய்தது. எங்கள் பழைய காரின் பின்புறத்தில் அது அடித்தால் தகரக் கூரை அதிரும். மகள் பிறந்த பிறகு, அது ஒரு தடவை ‘டும்’ என்றாலே குழந்தை வீறிட்டுக் கத்தியது. விற்றுத் தொலையுங்கள் என்று நான் நச்சரித்தேன். ரொம்ப நாளாக அதன்மேல் கண் வைத்திருந்த அண்ணனே வாங்கிக்கொண்டான். இவரே பத்தாங் காலிக்குப் போய், அவன் காரில் பூட்டி, பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வந்தார்.

அடுத்த மாதம் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். இவன் கோபித்துக்கொண்டு போனால் என் பிள்ளைக்கு மடி ஏது?

“உள்ள வா அண்ணே, தண்ணி குடி” என்றேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணி அமராவதி காரின் முன்சீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இவர் காரின் பின்மூடியைத் திறந்து வேலையில் இறங்கினார். முதலில் பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து வரும் ஒயரை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கதவில் இருந்த சின்ன ஸ்பீக்கரைக் கழற்றி ஆம்ப்ளிபையரில் மாட்டினார். அது பாடியது. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள்தான். டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் ஊஃபர் ஒயர்களில் தொட்டார். உயிருள்ள ஊஃபர் ‘டுக்’ என்று ஒரு துடிப்புத் துடிக்கும். இது அசையவே இல்லை.

திருகாணிகளைக் கழற்றி ஊஃபரை வெளியே எடுத்துத் திருப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதன் காகிதம் ஊறி உப்பி, ஈர அப்பளம்போல் நெளிந்து கிடந்தது. நடுவில் இருந்த கம்பிச்சுருள் உரசி உரசிக் கருகியிருந்தது. காகிதத்தின் ஓரத்தில் வளையமாக மஞ்சள் கறை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாமலே மஞ்சள் வாசம் அடித்தது.

எனக்கு விளங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி காரைவிட்டு இறங்கி நின்றிருந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிழிந்துகொண்டிருந்தாள். புது வண்டிக்குச் செய்வதுபோல் காருக்குப் பூஜை போட்டு வெளியே தெளித்தது போதாது, ஊரே கண் வைக்கும் பெட்டிக்கும் திருஷ்டி கழிக்கவேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்.

இவரும் அவளைப் பார்த்தார். பிறகு ஊஃபரை மெல்லக் கவிழ்த்து, கறை தெரியாமல் பிடித்துக்கொண்டார்.

“என் தப்புதான் மச்சான். பழைய சாமான். உள்ள ஏற்கெனவே கெட்டிருக்கு. நான் பாக்காம குடுத்துட்டேன்.”

“பாக்காமலா? தெரிஞ்சேதான் என் தலையில கட்டியிருக்க” என்றான் அண்ணன். என் பக்கம் திரும்பி, “கேட்டுக்க திலகம். திருட்டுப் பயல் வீட்டு விசேஷத்துக்கு நான் வரமாட்டேன். உம்பிள்ளைக்கு வேற மடி பாத்துக்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

கார் போனதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். ஆத்திரத்தில் என்னென்ன சொன்னேனோ.

“மஞ்சக் கறைய நானும் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னா? எம்பிள்ளைக்கு மாமன் மடி இல்லாம ஆக்கிட்டீங்களே!”

“சொன்னா, வீட்டுக்குப் போயி அமராவதிய அடிப்பான்லா. நீ உங்கண்ணனுக்குத் தங்கச்சி. அது எனக்குத் தங்கச்சி முறை.”

அண்ணன் கைநீட்டுகிறவன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அதன்பிறகு அண்ணன் சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போய், சேது திருடன் என்று சொல்லி வந்தான். பேச்சு இவர் வேலை பார்க்கும் ஆலைவரை வந்தது. இவர் அதற்கும் பதில் சொல்லவில்லை. நான்தான் தினமும் வெந்து செத்தேன்.

காது குத்து அன்று தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மணை போட்டாகிவிட்டது. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு, “தாய்மாமன் எங்கம்மா?” என்று மறுபடியும் கேட்டார். பெண்கள் என்னைப் பார்ப்பதும், குசுகுசுப்பதுமாக இருந்தார்கள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பஸ் ரோட்டுப் பக்கமிருந்து அண்ணி தனியாக நடந்து வந்தாள். கையில் துண்டு போட்டு மூடிய சீர்த்தட்டு. கிட்ட வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

“சொல்லிட்டேன் திலகம்” என்றாள். “நான்தான் தண்ணி ஊத்துனேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன். எங்கண்ணன ஊரெல்லாம் திருடன்னு பேசுறாரு. எத்தன நாளைக்குக் கேட்டுக்கிட்டு இருப்பேன்?”

இவர் அவள் கன்னத்தைப் பார்த்தார்.

“இதுக்குத்தானேம்மா நான் பேசாம இருந்தேன்.”

“தெரியும்ணே.”

அவள் போய் மணையில் உட்கார்ந்து கைகளை நீட்டினாள். பூசாரி தயங்கினார். “மாமன் மடிலதானேம்மா…” என்று இழுத்தார்.

“மாமன் வரல சாமி. அத்தை வந்திருக்காங்க. குத்தச் சொல்லுங்க” என்று நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, மகளை அண்ணி மடியில் உட்கார வைத்தேன்.

ஊசி இறங்கியதும் குழந்தை கோயிலே அதிரும்படி அலறியது. அண்ணி அதன் தலையை மார்போடு இறுக்கிக்கொண்டு, “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, சரியாப் போயிரும்” என்று முதுகைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து விளையாடத் தொடங்கியது. அண்ணி மட்டும் ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.