தடுப்புக்குப் பின்னால் பதினெட்டு

அக்காவுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டம் என்னவோ தங்கையுடையது. பயம் மட்டும் முழுக்க அக்காவுக்கு.

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையையே ஆக்கிரமித்துக்கொண்டு அந்தப் பகடை ஆட்டத்தை உருவாக்கியிருந்தாள். நான்கு பேர் வீரர்களாக வேடமேற்றுக் குகைக்குள் போவார்கள். ஐந்தாவது ஆள் ஆட்டத்தை நடத்துபவர். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொல்வார். குகையிலிருக்கும் ஒற்றைக்கண் பூதத்துக்காக இருபது முகப் பகடையை அந்த மறைவிலேயே உருட்டி எண்ணைச் சொல்வார். பத்துக்கு மேல் விழுந்தால் வீரருக்கு அடி. இரண்டு அடியில் ஆள் காலி.

வீட்டில் நடத்தியவள் அக்கா. முதல் நாளே தங்கையின் வீராங்கனைக்குச் சாவு வந்துவிட்டது. அந்த வாரம்தான் தங்கைக்குப் பழைய வேலை போயிருந்தது. சுண்டிக்கிடந்த முகத்தைப் பார்த்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பகடையில் விழுந்த பதினேழை "ஏழு" என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் பாவம் பார்த்தது நாளடைவில் பழக்கமாகிப்போனது. "கணக்கு கச்சிதமா உட்கார்ந்திருக்குக்கா, யாருமே சாகல பாரு!" என்று தங்கை பூரித்துப்போனாள்; அதனால் பூதத்தின் பலத்தைக் குறைக்கவேயில்லை. உண்மையைச் சொல்ல அக்கா எத்தனையோ தடவை வாயெடுத்து, மென்று விழுங்கினாள்.

இன்று பதிப்பகத்தில் சோதனை. முன்பின் தெரியாத ஐந்து பேர் விதிப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். உருவாக்கியவர் தரப்பு வாயே திறக்கக்கூடாது. சரியாக வந்தால் அச்சுக்குப் போகும்.

நடத்த உட்கார்ந்தவர் ஒரு தபால்காரர். ஆடுபவர்களின் முகம் பார்க்க வாகாகத் தங்கை எதிரே உட்கார்ந்தாள். தபால்காரருக்குப் பின்னால், ஜெராக்ஸ் இயந்திரத்தை ஒட்டியிருந்த நாற்காலி அக்காவுக்கு வாய்த்தது. அங்கிருந்து பகடை நன்றாகத் தெரிந்தது.

பூதம் வந்தது. பகடை உருண்டது. பதினெட்டு. போச்சு என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எட்டு. தப்பிச்சிட்டீங்க," என்றார் தபால்காரர்.

அடுத்தது பதினாறு. "ஆறு," என்றார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

அடப்பாவி மனுஷா, நீயுமா! அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பைக்கூட அடக்கவேண்டியிருந்தது. பூதம் விழுந்ததும் ஆடியவர்கள் கைதட்டினார்கள். ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பதிப்பகத்து அம்மா நோட்டை மூடினார்.

"பிரமாதம்மா. எதையும் மாத்தவேண்டாம். இப்படியே அச்சுக்கு அனுப்பிடலாம்."

தங்கையின் முகம் மலர்ந்தது. இவ்வளவு மலர்ந்து அக்கா பார்த்ததேயில்லை. அந்த நொடியில்தான் அக்காவுக்குத் திக்கென்றது. எல்லா வீட்டிலும் இளகின மனசோடு ஒரு பொய்க்காரி இருப்பாளா? யாரோ ஒரு நேர்மையான ஆள் நடத்துவார், அரைமணி நேரத்தில் நாலு பேரும் செத்துவிழுவார்கள், பெட்டி பரணுக்குப் போகும். பெட்டியின் மேல் தங்கையின் பெயர் இருக்கும்.

"அது எட்டு இல்ல," என்றாள் அக்கா. "பதினெட்டு."

தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "பாவமா இருந்துச்சுங்க," என்றார்.

"பேசக்கூடாதுன்னு சொன்னாங்கல்லக்கா?" என்றாள் தங்கை. பிறகு, அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்: "நீயும் இப்படித்தானா?"

அக்கா ஆமென்று தலையசைத்தாள்.

"நான் எத்தனை தடவ செத்திருப்பேன்?"

"பதினோரு தடவ," என்றாள் அக்கா. ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை.

தங்கை அழுவாள், கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள். தங்கையோ பென்சிலை எடுத்து விதிப் புத்தகத்தின் ஓரத்தில் பதினொன்று என்று எழுதினாள். எழுந்துபோய் அட்டைத் தடுப்பை மடக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ ஆடிப் பாக்கலாமா மேடம்?"

பதிப்பகத்து அம்மா நோட்டைத் திரும்பத் திறந்தார். பகடை எல்லோர் கண்ணெதிரிலும் உருண்டது. அக்காவால் பார்க்கமுடியவில்லை. தங்கைதான் எண்ணை வாய்விட்டுப் படித்தாள்.

"பதினேழு."