மூச்சை உறிஞ்சிய படலம்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஒரு சத்தம் வந்தால் போதும், அதை அடக்கத்தான் பார்க்கிறான். என் மகளும் அந்தக் கூட்டம்தான்.

என் மனைவி படுத்த படுக்கையானபோது, ஒரு அறையின் சத்தத்தை இன்னொரு அறையில் கேட்கவைக்கும் ஜோடிக் கருவி வாங்கினேன். ஒன்று அவள் தலைமாட்டில். மற்றது பின்பக்கப் பட்டறையில், என் கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில். அவள் முனகினால் எனக்குக் கேட்கும். அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் அணைக்கவில்லை. பூட்டிய அறையிலிருந்து மூச்சு வந்துகொண்டே இருந்தது. உஸ்ஸென்று இழுக்கும், கொஞ்சம் நிற்கும், பிறகு விடும். அவள் மூச்சு அப்படித்தான்.

“அம்மா இல்லப்பா, வெறும் இரைச்சல்,” என்றாள் மகள். காந்தப் படலம் பூசும் ஆய்வுக்கூடத்தில் வேலை அவளுக்கு. “நான் அதை நிறுத்திட்டா எங்க வீட்டுக்கு வந்துடணும். நிக்கலேன்னா இங்கேயே இருங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நீயா? வாயைத் திறக்காமயா?”

ஒப்புக்கொண்டேன்.

அறையைத் திறந்தோம். கேட்கும் கருவி என் கையில். மகள், தலைமாட்டுக் கருவியைக் கழற்றி, வெங்காயச் சருகைவிட மெல்லிய கறுப்புப் படலத் துண்டை உள்ளேயிருந்த சிப்பின் மேல் ஒட்டினாள். மூச்சு நிற்கவில்லை.

“என்னம்மா, படிச்ச படிப்பெல்லாம் இவ்வளவுதானா?”

“குறுக்கே ஒட்டிட்டேன். இதுக்குத் திசை உண்டுப்பா.” உரித்து, திருப்பி ஒட்டினாள்.

மூச்சு இழுத்தது. விடவில்லை.

அவள் போன அன்றைக்கும் இப்படித்தான்.

“பாத்தீங்களா? சிப்பு ரொம்ப வேகமா துடிக்கும். அந்தத் துடிப்பு கம்பியில ஏறித்தான் இரைச்சலாச்சு. படலம் அதை மட்டும் உறிஞ்சி சூடா மாத்திடும், பேச்சைத் தொடாது. அம்மா பேசினா இப்பவும் கேட்கும்.”

காத்திருந்தேன். ஒன்றுமில்லை. படலத்தின் மேல் விரலை வைத்தேன். சுட்டது. கடைசி நாளில் அவள் நெற்றி இருந்த அதே சூடு.

“சிப்போட சூடுப்பா அது.”

“சிப்புக்கு எதுக்கும்மா காய்ச்சல்?”

அவள் ஒயரைப் பிடுங்கினாள். சொன்ன சொல் சொன்னதுதான், பையை எடுத்துக்கொண்டேன். தெருவில் இறங்கியதும் அந்த விரலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

“வாங்கப்பா, நேரமாச்சு!”

சிப்பாம். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.