பிசைந்த பாத்தி

அந்த வீட்டில் வசவு நின்று ஒரு குளிர்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் விட்டது தொல்லை என்று காலை நீட்டிப் படுத்திருப்பார். பேக்கரிக்காரருக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்தே இப்படித்தான். ரொட்டி கருகினால் "பரவாயில்லைங்க". சாயம் போகும் துண்டோடு சேர்த்துத் துவைத்து அவள் புடவையையெல்லாம் ஊதாவாக்கினால் அதற்கும் "பரவாயில்லைங்க". கல்யாணமான நாளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷனுக்கு அந்தச் சொல் ஒத்துக்கொள்ளவில்லை. கால் ஓரளவு தேறிவிட்டது, அவள் தேறவில்லையே என்று தவித்தார்.

பனி விலகி வெயில் எட்டிப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. பின்பக்கத் தோட்டம் அவளுடைய ராஜ்ஜியம். பாத்தியைத் தயாராக்கி வைத்தால், தக்காளி நாற்று நட அவள் எழுந்து வந்துதானே ஆகவேண்டும்?

பஸ் ஓட்டும் மைத்துனன் லீவு போட்டு மண்வெட்டியோடு வந்தான். இருவரும் கொத்தினார்கள், மக்கிய எருவைக் கலந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பேக்கரிக்காரரின் கை சும்மா இருக்குமா? ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"மாப்ள, பதம் பத்தலடா. தண்ணி ஊத்து."

"மண்ணுக்கு இதுதான் பதம்னு அக்கா சொல்லும், மாமா."

"மாவுலயே காலத்த ஓட்டுனவன்டா நான். பதத்தப் பத்தி எனக்கே பாடமா?"

ஊற்றினான். இவர் முட்டி போட்டு உட்கார்ந்து அமுக்கி, மடித்து, புரட்டிப் பிசைந்தார். மேலே வழவழவென்று தடவி, ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்.

சாக்கும் காய்ந்தது, மண்ணும் காய்ந்தது. வாரக் கடைசியில் மைத்துனன் சாக்கை விலக்கித் தட்டிப் பார்த்தான். டொக் என்றது.

"மாமா, இதுல நாத்து நட முடியாது. வேணும்னா வீடு கட்டலாம்."

அந்த நேரம் பார்த்துக் கைத்தடிச் சத்தம் கேட்டது. அவள் மெல்ல நடந்து வந்து பாத்தியைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். இதற்கும் பரவாயில்லை என்றுவிட்டால் நம் கதை முடிந்தது என்று பேக்கரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"பிசைஞ்சீங்களா?"

"லேசா."

"சாக்கு எதுக்கு?"

"ஊறட்டும்னு..."

அவ்வளவுதான். "ஏங்க, மண்டைக்குள்ள என்னதான் வச்சிருக்கீங்க? மண்ணு உப்பி வரும்னு பாத்தீங்களா? ஈர மண்ண அமுக்காதீங்கன்னு எத்தன வருஷமா தலையில அடிச்சுக்கறேன்? வேர் எங்கங்க இறங்கும், உங்க தலையிலயா? டேய் தடியா, நீ பக்கத்துல நின்னு பராக்குப் பாத்தியா?"

இத்தனை நாள் எங்கேதான் சேர்த்து வைத்திருந்தாளோ, மூச்சு விடாமல் பொழிந்தாள். பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கியது. வயிறு குளிர்ந்து, வாயெல்லாம் பல்லாயிற்று.

"சிரிப்பு வேறயா? தண்ணி தெளிங்க. தெளிக்கச் சொன்னேன், ஊத்தச் சொல்லல!"

ஈரம் இறங்கியதும் ஆண்கள் இருவரும் கட்டிகளை உடைத்தார்கள். அவள் முக்காலி போட்டு உட்கார்ந்து, மக்கிய இலைத்தூளைத் தூவித் தன் கையாலேயே உதிர்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் பாத்தி பஞ்சு போல ஆயிற்று. அதைப் பார்த்தபடி அவள் நிம்மதியாக, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த மௌனம் பேக்கரிக்காரருக்குப் பிடிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். செருப்புக் காலைத் தூக்கி நட்டநடுப் பாத்தியில் வைத்தார்.

"யோவ்!" என்றாள். இத்தனை வருஷ வசவிலும் கூடவே வந்த 'ங்க' அன்றைக்குத்தான் கழன்று விழுந்தது.

பேக்கரிக்காரர் அடுத்த காலையும் எடுத்து வைத்தார்.